உங்களுக்குத் தெரியுமா? வீட்டைப் பாடியவர் ஊர் திரும்பிய கதை

வீட்டைப் போல வேறு இடம் இல்லை என்று உலகத்தையே உருகவைத்த ‘ஹோம், ஸ்வீட் ஹோம்’ பாட்டை எழுதியவர், இறந்து 31 ஆண்டுகள் கழித்துத்தான் தாய்நாட்டு மண்ணில் அடக்கமானார்!

அவர் ஜான் ஹோவர்ட் பெய்ன். 1791இல் நியூயார்க்கில் பிறந்த நடிகர், நாடகாசிரியர், கவிஞர். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லண்டனில் கடனைக் கட்ட முடியாமல் ஃப்ளீட் சிறையிலும் இருந்திருக்கிறார்.

● பாட்டு முதலில் ஒலித்தது 1823இல், லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில், ‘கிளாரி’ என்ற இசை நாடகத்தில். இசை, ஹென்றி பிஷப்.

● அமெரிக்க உள்நாட்டுப் போர். 1862 டிசம்பர் 30, இரவு. டென்னசியில் ஸ்டோன்ஸ் ஆற்றருகே இரு படைகளும் கூப்பிடு தூரத்தில் முகாமிட்டிருந்தன. பேண்டு வாத்தியக்காரர்கள் போட்டி போட்டு வாசித்துக்கொண்டிருக்க, ஒரு பக்கம் இந்தப் பாட்டைத் தொடங்கியது. மறுபக்கமும் சேர்ந்துகொண்டது. எதிரிப் படைகளின் வீரர்கள் ஒரே குரலில் பாடினார்கள். இந்தப் பாட்டின் வரலாற்றிலேயே நெஞ்சை உலுக்கும் இரவு அதுதான். விடிந்ததும் சண்டை மூண்டது; இரு தரப்பிலும் இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் என 23,000 பேருக்கு மேல்.

● பெய்ன் 1852இல் டூனிஸில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்தபோது இறந்தார், அங்கேயே புதைத்தார்கள். 1883இல் அவரது எச்சங்கள் வாஷிங்டனின் ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. செலவை ஏற்றவர் வில்லியம் கார்கரன் என்ற செல்வந்தர்.