பேசத் தாமதிக்கும் குழந்தை: முதலில் காதைச் சோதிக்கக் கேளுங்கள்

“அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசுனாரு, தானா வரும்.” தர்மபுரி மாவட்டத்தின் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும், பேச்சு தாமதிக்கும் குழந்தையின் தாய்க்கு முதலில் கிடைக்கிற ஆறுதல் இதுதான். பல குழந்தைகளுக்குப் பேச்சு தானாக வரவும் செய்கிறது. ஆனால் காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு வராது. அந்த வீட்டிலும் இதே ஆறுதலைத்தான் சொல்கிறார்கள். இரண்டு குழந்தைகளையும் பார்வையால் பிரித்தறிய முடியாது, சோதித்தால்தான் முடியும். அந்தச் சோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

முதல் சொல் வருவதற்கு முன்பே குழந்தையின் ஒலிகள் நமக்குச் செய்தி சொல்லத் தொடங்கிவிடுகின்றன. ஆறு, ஏழு மாதத்துக்கு மேல் ‘பாபாபா’, ‘மாமாமா’ என்று மெய்யும் உயிரும் சேர்த்து அடுக்க வேண்டும். 10 மாதம் முடிந்தும் ‘ஆ’, ‘ஊ’ மட்டுமே வருகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் கூவும், சிரிக்கும், அழும். அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கைதட்டினால் திரும்புகிறதே என்பதும் போதுமான சான்று அல்ல. கதவு அடிபடும் சத்தம் கேட்கிற குழந்தைக்கு ‘ச’ போன்ற மெல்லிய, கூர்மையான ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். தட்டு விழுந்த அதிர்வையோ, பக்கத்தில் அசைந்த நிழலையோ உணர்ந்தும் திரும்பியிருக்கலாம்.

இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், ‘அம்மா வா’, ‘தண்ணி குடு’ போன்ற இரண்டு சொல் தொடர்களும் இருக்க வேண்டும். அந்த வயதில் குழந்தை பேசுவதில் பாதியாவது வெளியாளுக்குப் புரிய வேண்டும்; மூன்று வயதில் முக்கால் பங்கு, நான்கு வயதில் ஏறக்குறைய முழுவதும். பேசிக்கொண்டிருந்த சொற்களை எந்த வயதில் இழந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பதற வேண்டாதவையும் உண்டு. தமிழ்க் குழந்தைக்கு ப, ம, த, ந போன்ற ஒலிகள் முந்தி வருகின்றன. ர, ற, ள, ழ பிந்தி வருகின்றன. இரண்டு வயதுக் குழந்தை ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்பதும், ‘சக்கர’த்தைச் ‘சக்கம்’ என்று குறுக்குவதும் வளர்ச்சியின் படிகள்தான். வீட்டில் பெரியவர்களே ‘பளம்’ என்றால் குழந்தையும் ‘பளம்’ என்றுதான் சொல்லும். அதைக் குறையென்று எழுதுவது தவறு.

இங்கே பரிசோதிப்பவரின் கருவியைப் பற்றியும் பெற்றோர் கேட்க வேண்டும். ஆங்கிலத்துக்காகச் செய்த ஒலிச்சோதனையை மொழிபெயர்த்து வைத்தால் ல, ள, ழ வேறுபாடு அதில் இருக்காது. தமிழில் இல்லாத மெய்க்கூட்டங்களுக்கு மதிப்பெண் இருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் அதன் ஒலிகளை வைத்தே சோதனை வேண்டும். கொரிய மொழியில் நம் ‘ப’ பிறக்கும் இடத்திலேயே மூன்று தனித்தனி ஒலிகள் உண்டு. அவற்றைக் குழந்தை எப்போது பிரிக்கிறது என்று பார்க்கத் தென்கொரியர்கள் தங்கள் சொற்களைக் கொண்டே சோதனைகளை உருவாக்கினார்கள். தமிழுக்கும் உச்சரிப்புச் சோதனைகள் உருவாக்கப்பட்டுள்ளன. “எம் புள்ளையத் தமிழ்ச் சொல்ல வெச்சுத்தானே பாக்குறீங்க?” என்று கேட்பதில் தவறே இல்லை.

நல்ல பரிசோதனை அவசரமாக முடியாது. கர்ப்ப காலம், பிரசவம், காதில் சீழ் வந்தது, உறவில் திருமணம், குடும்பத்தில் காது கேளாதோர் என்று எல்லாம் விசாரிப்பார்கள். வாயும் அண்ணமும் பார்ப்பார்கள். பிறகு பொம்மைகளோடு விளையாட விட்டு, குழந்தையிடம் என்னென்ன மெய்யொலிகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியலும், சொல்ல முயலும் சொற்களில் எத்தனை மெய்கள் சரியாக வருகின்றன என்று ஒரு கணக்கும் எடுப்பார்கள். மருத்துவமனையில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. வீட்டில் பேசும்போது செல்போனில் சில நிமிடம் பதிவு செய்து கொண்டுபோனால் பெரிய உதவி.

ஒசூருக்கும் கர்நாடக எல்லைக்கும் நெருங்கிய மாவட்டம் தர்மபுரி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, அங்கன்வாடியில் தமிழும் பேசும் குழந்தைகள் நிறைய. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. இரு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். “ஒரே மொழியில் பேசுங்கள்” என்று யாராவது சொன்னால், பாட்டியின் மொழியை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டு வைத்தியத்தில் நான் அஞ்சுவது சிலவற்றை. நாக்கில் வசம்பு தேய்ப்பது பழைய வழக்கம். வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருள் குழந்தைக்குப் பாதுகாப்பானதல்ல. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கலாம். காதில் எண்ணெய் ஊற்றினால் செவிப்பறையில் ஓட்டையுள்ள குழந்தைக்குச் சீழ் மோசமாகும். நாக்குக்கட்டை அறுத்தால் பேச்சு வந்துவிடும் என்பார்கள்; நாக்குக்கட்டு சில ஒலிகளைப் பாதிக்கலாமே தவிர, பேச்சே வராததற்குக் காரணம் அல்ல. இவற்றால் வரும் தீங்கைவிடப் பெரிய தீங்கு, இவற்றைச் செய்து பார்ப்பதில் கழிந்துபோகும் மாதங்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் காதுச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 25-ஆம் பிரிவு, ஆபத்து அறிகுறியுள்ளவர்களைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும் என்கிறது. எல்லாக் குழந்தைகளையும் என்பதைக் கவனியுங்கள். இதற்கு ஊனச் சான்றிதழ் தேவையில்லை. இது முக்கியம். ஏனென்றால் அதே சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை நரம்பு அல்லது உறுப்புக் கோளாறால் வரும் நிரந்தரக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. வெறுமனே தாமதமாகப் பேசும் குழந்தைக்குச் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம், ஆனால் பரிசோதனை கிடைக்காமல் போகக் கூடாது.

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். காது கேளாமையும் மொழி வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் அடக்கம். ஆனால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய்வரும் குடும்பங்களின் குழந்தைகள் அந்த நாளில் ஊரில் இருப்பதில்லை. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களுக்குத் தூரமே தடை. குழு வரும் தேதியை அங்கன்வாடி ஆசிரியையிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ முன்பே கேளுங்கள். தவறிவிட்டால் அடுத்த வருகைக்குக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தைக் கேளுங்கள். காதுக்கான சோதனைகள் இரண்டு. ஓ.ஏ.இ. சோதனை காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடியும். பெரா சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும், வலி இல்லை.

கடுமையான செவித்திறன் குறை உறுதியானால், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. அந்த வயது வரம்பைவிட மூளையின் வரம்பு கடுமையானது. மூன்று வயதுக்கு முன் பொருத்திய குழந்தைக்குப் பேச்சு கூடுதலாக வசப்படுகிறது. பிறகு வரும் பேச்சுப் பயிற்சியை விட்டுவிட்டால் கருவியால் பயன் குறைவு. பேச்சுத் தாமதத்துக்குப் பின்னால் ஆட்டிசம் இருப்பது கண்டறியப்பட்டால், அந்தக் குழந்தைக்கு நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, பயிற்சிச் செலவு கிடைக்கும்.

தனியாரிடம் போவதானால் பேச்சுப் பயிற்சியாளரின் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் இத்தொழில் செய்வது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

அரசு அலுவலகத்தில் திருப்பி அனுப்பினால், மறுத்ததை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். அதற்கும் மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-ஐ அழைக்கலாம். எங்கே போனாலும் தாய் சேய் நல அட்டையை எடுத்துப் போங்கள். இன்னொரு நாள் வரச் சொன்னால், அந்தத் தேதியை அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.