எடைக்குப் போடும் முன் டயல் கேஜை வையுங்கள்

சென்னையின் பம்மல், திருமுடிவாக்கம் பக்கத்துப் பட்டறைகளில் இருபது, இருபத்தைந்து வருடமான சிஎன்சி லேத்துகள் இன்னும் ஜாப் ஒர்க்குக்கு ஓடுகின்றன. ஒருநாள் திரை வராது. அல்லது ரீசெட் செய்தாலும் போகாத சர்வோ அலாரம் வரும். போர்டு பார்ப்பவர் "உதிரி வருவதில்லை" என்று கைவிரிப்பார். உடனே எடைக்குப் போட விலை கேட்கிறார்கள். அவசரம் வேண்டாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மின்னணுப் பகுதிதான். கெப்பாசிட்டர்கள் உலர்ந்துவிடும், டிசி மோட்டாரின் கார்பன் பிரஷ் தேயும். வார்ப்பிரும்பு பெட்டோ, எண்ணெய் ஒழுங்காகப் போனால் பல பத்தாண்டுகள் உழைக்கும். அந்த இரும்பை வைத்துக்கொண்டு கன்ட்ரோல், டிரைவ், மோட்டார், வயரிங் ஆகியவற்றை மாற்றுவதே ரெட்ரோஃபிட். 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி காட்டிய எண்முறை மில்லிங் மெஷினும் இப்படித்தான் உருவானது: சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்ற சாதாரண மெஷினில் வெற்றிடக் குழாய்களாலான கன்ட்ரோலைப் பூட்டினார்கள்.

முதல் வேலை அளப்பது. டயல் கேஜின் காந்த அடியை பெட்டில் நிறுத்தி, முனையை டரட்டில் தொடவிடுங்கள். பால் ஸ்க்ரூ திரும்பாதபடி பிடித்துக்கொண்டு, கேரேஜைக் கடப்பாரையால் முன்னும் பின்னும் மெல்ல நெம்புங்கள். முள் ஆடும் அளவுதான் பிளே. மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு என்றால் புது கன்ட்ரோலின் பேக்லாஷ் திருத்தமே சமாளிக்கும். அதைவிட அதிகமானால் முதலில் பேரிங்கையும் பால் ஸ்க்ரூவையும் பாருங்கள். சக் பக்கம் மட்டும் பெட் குழிந்திருந்தால் எந்த கன்ட்ரோலும் அதைச் சரிசெய்யாது. அந்த மெஷினில் பணம் போடக் கூடாது.

மெஷின் தேறினால், புது கன்ட்ரோலை ஃபானுக், சீமென்ஸ் என்று வாங்கலாம். அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் 1990-களில் உருவாக்கிய மென்பொருளிலிருந்து வளர்ந்த லினக்ஸ்சிஎன்சி இலவசம். ஜாப் ஒர்க் பட்டறைக்கு என் யோசனை: கூப்பிட்டால் அன்றைக்கே வந்து பார்க்க ஆள் இருக்கும் கன்ட்ரோலை எடுங்கள்.

ரெட்ரோஃபிட்டில் அதிக நாள் பிடிப்பது லேடர், அதாவது எது முடிந்த பின் எது இயங்க வேண்டும் என்ற நிரலை எழுதும் வேலை. எடுத்துக்காட்டாக, டரட்டின் பூட்டு விடுபட வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி பூட்ட வேண்டும். பூட்டிவிட்டது என்று சென்சார் சொன்ன பிறகே அச்சு நகரலாம். இதில் ஒன்று தவறினாலும் டூல் சக்கில் மோதும். எமர்ஜென்சி ஸ்டாப் மென்பொருளை நம்பி இருக்கக் கூடாது. ரிலே வழியாக நேரடியாகவே மோட்டார் மின்சாரத்தை வெட்ட வேண்டும்.

மெஷின் நன்றாக ஓடும்போதே பாராமீட்டர்களையும் வயரிங் படத்தையும் நகலெடுத்து வையுங்கள். பழைய கன்ட்ரோல்கள் பலவற்றில் பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். அணைத்துவிட்டுக் கழற்றினால் பாராமீட்டர் எல்லாம் அழிந்துவிடலாம்.