கடல் இல்லாத படம்

சென்ற விடுமுறையில் கிண்ணியாக் கடற்கரையில் வாப்பாவின் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்தேன். சுபஹு தொழுகை முடிந்த நேரம். கொட்டியாரக் குடா எண்ணெய் பூசினாற்போல் அசையாமல் கிடந்தது. தோழிகள் பார்த்துவிட்டு, "மனசுக்கு அமைதியா இருக்கு" என்றார்கள். உம்மா ஒரே ஒரு தடவை பார்த்தார். "இத அழிச்சிருங்க மகள்" என்றார். 2004 டிசம்பர் 26 விடியற்காலையும் கடல் இப்படித்தான் கிடந்ததாம். அன்றுதான் உம்மா தன் தங்கையை இழந்தார்.

தோழிகள் சொன்ன அமைதிக்குக் காரணம் சொல்லிவிடலாம். சூரியன் எழுமுன் வெளிச்சம் நீலம் கலந்து மென்மையாக இருக்கும். கடும் நிழல் விழாது. நீண்ட அடிவானக் கோடும் பெரிய வெற்றிடமும் கண்ணை எங்கும் முட்டவிடுவதில்லை. அதே இடத்தில் உச்சி வெயிலில் ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால் கண்குழிகள் இருண்டு, முகமே கடுமையாகத் தெரியும். இவையெல்லாம் படம் எடுப்பவர் கையில் உள்ளவை. பார்ப்பவர் கொண்டுவரும் நினைவு அப்படியல்ல.

சுனாமியின் துயரத்தை உலகுக்குச் சொன்ன ஒரு படத்தில் கடலே இல்லை. ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஆர்கோ தத்தா, 2004 டிசம்பர் 28இல் தமிழ்நாட்டின் கடலூரில் எடுத்தது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு அதனை அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தெரிவு செய்தது. ஒரு பெண் மணலில் விழுந்து கிடக்கிறார். விரிந்த கைகளின் உள்ளங்கைகள் மேல்நோக்கி இருக்கின்றன. மௌத்தான உறவினரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. மீதியெல்லாம் மணல். மேலிருந்து எடுத்ததால் அவர் இன்னும் சிறியவராகத் தோன்றுகிறார். எனக்கு அவை துஆக் கேட்கும் கைகளாகவே பட்டன. இன்னொருவருக்கு வெறுங்கைகளாகப் படலாம்.

ஜனாஸா முழுதாகத் தெரிந்திருந்தால் நான் கண்ணை மூடியிருப்பேன். ஓரத்தில் ஒரு கைதானே என்று பார்க்கத் தொடங்கினேன். பிறகு பார்வையை எடுக்க முடியவில்லை. காட்டாமல் விட்டதை மனம்தான் நிரப்புகிறது. விபத்து நடந்த இடத்தில் தொலைபேசியைத் தூக்கிப் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள், நம்முள் ஒன்றும் தங்குவதில்லை.

தயங்கித் தயங்கித்தான் அந்தக் கடலூர்ப் படத்தை உம்மாவிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு அலுமாரியைத் திறந்து சாச்சியின் படத்தை எடுத்து வந்தார். அடையாள அட்டைக்காக எடுத்த சிறிய படம். நேர்ப் பார்வை, தட்டையான வெளிச்சம், பின்னால் நீலத் திரை. ஓரத்தில் ஈரம் பட்டு மங்கியிருந்தது.

"சிரிக்க வேணாம் எண்டு படம் பிடிக்கிறவர் சொன்னாராம். உதட்டக் கடிச்சிட்டு இருக்கிறதப் பாருங்க" என்று சொல்லி உம்மா சிரித்தார்.

என் கடல் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.