கண்ணாடி நியூரான்: பார்ப்பது புரிவதாகிவிடுமா?

மூளை செல்களில் நட்சத்திர அந்தஸ்து உள்ளது ஒன்றுதான்: கண்ணாடி நியூரான். சினிமாவில் யாரோ அழ, நமக்குக் கண் கலங்குவது ஏன் என்று கேட்டால் "கண்ணாடி நியூரான் சார்!" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்ச நாளாக இதன் மூல ஆய்வுகளைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். மேடையில் கேட்பதற்கும் ஆய்வில் இருப்பதற்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது.

முதலில் கதை. இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜியாகோமோ ரிசோலாட்டியின் குழு, மெக்காக் குரங்கின் மூளையில் எஃப்5 என்ற சின்னப் பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தது. கை எப்படி ஒரு பொருளைப் பிடிக்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. குரங்கு தீனியை எடுக்கும்போது அங்குள்ள நியூரான்கள் துடிக்கும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் குரங்கு சும்மா உட்கார்ந்திருக்க, சோதனைக்காக ஆய்வாளர் தீனியைக் கையில் எடுத்தபோதும் அதே நியூரான்களில் சில துடித்தன. கையை அசைக்கும் வேலையில் இருக்கும் செல்லுக்கு, அடுத்தவன் கையைப் பார்த்து என்ன ஆக வேண்டும்?

1992-ல் இது சின்னக் கட்டுரையாக வந்தது. 1996-ல் வந்த விரிவான கட்டுரையில்தான் "கண்ணாடி" என்ற பெயர். அதில் 532 நியூரான்களைப் பதிவு செய்திருந்தார்கள். அந்தக் குணம் இருந்தவை 92. அதாவது ஆறில் ஒன்று மாதிரி. அந்தப் பகுதியிலேயே பெரும்பான்மைக்கு இந்தக் குணம் கிடையாது என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை!

பிறகு வந்த சோதனைகளில் எனக்குப் பிடித்தது 2001-ல் உமில்டா குழு செய்தது. ஒரு பொருளைக் குரங்குக்குக் காட்டிவிட்டு, முன்னால் திரையைப் போட்டு மறைக்கிறார்கள். ஆய்வாளரின் கை திரைக்குப் பின்னால் போகிறது. பிடிக்கும் காட்சி தெரியாது. ஆனாலும் சோதித்த நியூரான்களில் சுமார் பாதி துடித்தன. திரைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று குரங்கு முன்பே பார்த்திருந்தால், கை அதே மாதிரி போனாலும் துடிப்பில்லை. அப்படியானால் இந்தச் செல் கண்ணில் படும் அசைவை மட்டும் பிடிக்கவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்ற ஊகம் எங்கிருந்தோ அதற்கு வந்து சேருகிறது. மறுவருஷம், கடலைத் தோட்டை உடைக்கும் சத்தத்தை மட்டும் கேட்டே துடிக்கும் நியூரான்களும் அகப்பட்டன.

இங்கிருந்துதான் தாவல் ஆரம்பம். அடுத்தவர் செய்கையை நம் உடம்புக்குள் நடித்துப் பார்ப்பதால்தான் அது நமக்குப் புரிகிறது என்றார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்ம வி.எஸ். ராமச்சந்திரன் 2000-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்: உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இந்த நியூரான்கள் செய்யும் என்று எழுதினார். அவர் எழுத்து எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த வாக்கியம் ஆதாரத்தைவிட ரொம்ப வேகமாக ஓடிவிட்டது.

சிக்கல் எளிமையானது. செய்தால்தான் புரியும் என்றால், செய்ய முடியாதவருக்குப் புரியக்கூடாது. நமக்குப் பறக்கத் தெரியாது, காகம் பறப்பது புரிகிறதே? கிரெகரி ஹிக்காக் இந்த வகைக் கேள்விகளை அடுக்கி 2014-ல் ஒரு புத்தகமே போட்டார். அதைவிட அழுத்தமான சான்று 2016-ல் வந்தது. பிறவியிலேயே கைகள் இல்லாதவர்களுக்குக் கைச் செய்கைகளைக் காட்டி வான்னுஸ்கார்ப்ஸ், கரமாஸா இருவரும் சோதித்தார்கள். கை உள்ளவர்களைப் போலவே அவர்களும் சரியாக அடையாளம் கண்டார்கள். செய்து பழகியது புரிதலுக்குக் கூடுதல் உதவியாக இருக்கலாம். அது இல்லாவிட்டால் புரிதலே இல்லை என்பது இங்கே நிற்கவில்லை.

சரி, அப்படியானால் இந்த நியூரான்கள் எதற்கு, எப்படி வந்தன? சிசிலியா ஹேய்ஸ் சொல்லும் பதில் எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது: பழக்கம். குழந்தை தன் கையை அசைக்கும்போதே அதைப் பார்க்கவும் செய்கிறது. நாம் கை தட்டினால் அது தட்டுகிறது, அது தட்டினால் நாம் தட்டுகிறோம். பார்ப்பதும் செய்வதும் சேர்ந்தே நடந்து நடந்து முடிச்சு விழுந்துவிடுகிறது. 2007-ல் காட்மர் இதைச் சோதித்தார். ஆள்காட்டி விரல் அசைவதைப் பார்த்தால், பார்ப்பவரின் அதே விரல் தசைதான் லேசாகத் தயாராகும். அவர்களை "ஆள்காட்டி விரலைப் பார்த்தால் சுண்டு விரலை அசை" என்று பழக்கினார். பிறகு சும்மா பார்க்கும்போதும் சுண்டு விரல் தசையே முந்தியது. கண்ணாடி திரும்பிக்கொண்டது. பிறவியிலேயே இறுகிப்போன அமைப்பு இப்படி சில மணி நேரப் பயிற்சியில் மாறுமா?

இதெல்லாம் பண்டிதர் சண்டைதானே என்று விட முடியாததற்குக் காரணம் ஆட்டிசம். 2006 வாக்கில் "உடைந்த கண்ணாடி" என்ற கருத்து பரவியது: ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கண்ணாடி நியூரான்கள் சரியாக வேலை செய்யாது, அதனால்தான் மற்றவர் மனசு புரியவில்லை என்று. கேட்க ஒழுங்காக இருக்கிறது. 2013-ல் அன்டோனியா ஹாமில்டன் 25 ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்த அமைப்பும் பழுது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் கருத்து வெளியில் போனது போனதுதான். ஒரு பெற்றோரிடம் "உங்க பிள்ளையின் மூளையில் அடுத்தவரைப் புரிந்துகொள்ளும் செல்லே பழுது" என்று சொல்வது சாதாரண வாக்கியமா? அதை நம்பினால் பிள்ளையிடம் பேசும் விதமே மாறிவிடும்.

மனிதரிடம் இந்த நியூரான்கள் நேரடியாகப் பதிவானது 2010-ல். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் எலெக்ட்ரோடு பொருத்தியிருந்த 21 பேரிடம் 1,177 செல்களைப் பதிவு செய்தார்கள். செய்யும்போதும் பார்க்கும்போதும் துடித்தவை கிடைத்தன. நினைவோடு சம்பந்தப்பட்ட ஹிப்போகாம்பஸிலும்கூட. இன்னொரு வகையும் அகப்பட்டது: தான் செய்யும்போது துடித்து, அடுத்தவர் செய்வதைப் பார்க்கும்போது அடங்கிப்போகும் செல்கள். பார்ப்பதையெல்லாம் உடனே செய்துவிடாமல் நம்மைப் பிடித்து வைப்பது இவையாக இருக்கலாம் என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். இவற்றைப் பற்றி மேடையில் பேசி நான் இன்னும் கேட்டதில்லை.