4 வெள்ளி 50 காசு

கிளமெண்டி அவென்யூ 3, புளோக் 448 உணவங்காடி. மதியச் சாப்பாடு 4 வெள்ளி 50 காசு. கைப்பேசியிலிருக்கும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டோ 2, 5, 10 வெள்ளியாகத்தான் வரும். 5 வெள்ளிச் சீட்டைக் காட்டினால் மீதி கிடையாது. அதனால் 2 வெள்ளிச் சீட்டு இரண்டு, பையிலிருந்து 50 காசு. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார்.

அரசியலில் நான் தாராளம் கலந்த பழமைவாதி. அரசு வரவுக்குள் வாழவேண்டும், என் பணத்தை நான் செலவழிக்க விடவேண்டும். முதல் பாதியில் சிங்கப்பூரைக் குறைசொல்ல முடியாது: நிதியிருப்பின் முதலீட்டு வருவாயில் பாதிவரைதான் வரவுசெலவுத் திட்டம் தொடலாம், மறுபாதி பேரப்பிள்ளைகளுக்கு.

உறுத்துவது இரண்டாம் பாதி. பொருள், சேவை வரி 1994இல் 3 விழுக்காடு. 2003இல் 4, 2004இல் 5, 2007இல் 7, 2023இல் 8, 2024இல் 9. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை வரிக்குப் பதியவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடையின் எரிவாயுக் கட்டணத்தில் வரி ஏறித்தான் வருகிறது.

இதை ஈடுகட்ட அரசு தருவதுதான் அந்தப் பற்றுச்சீட்டு: 2025இல் சிங்கப்பூர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஜனவரியில் 300, மே மாதம் 500, ஆக 800 வெள்ளி. 7இலிருந்து 9 ஆகக் கூடிய 2 விழுக்காட்டை வைத்துப் பார்த்தால், இது 40,000 வெள்ளிச் செலவுக்கான கூடுதல் வரி. அதற்குள் செலவழிக்கும் வீட்டுக்கு அந்த ஆண்டு லாபம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பங்களாக்காரருக்கும் அதே 800. பாதியைப் பேரங்காடியிலும் செலவழிக்கலாம், மறுபாதி உணவங்காடிக்கும் பேட்டைக் கடைகளுக்கும் மட்டும். எங்கே வாங்குவது என்று எனக்கு ஏன் சொல்லித்தர வேண்டும்? வரிக்குக் காலாவதி இல்லை. சீட்டுக்கு டிசம்பர் 31.

2025 மே 3 பொதுத் தேர்தலின் கணக்கும் இப்படித்தான் இடிக்கிறது. ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு வாக்கு 65.57 விழுக்காடு, இடங்கள் 97இல் 87, அதாவது கிட்டத்தட்ட 90 விழுக்காடு. தொகுதி எல்லை மாற்றத்தில் கிளமெண்டி வட்டாரம் ஜூரோங் குழுத்தொகுதியிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்-புக்கிட் பாத்தோக்குக்குப் போனது. அங்கே ஐவர் அணிக்கு வைப்புத்தொகை, தலைக்கு 13,500 வீதம், 67,500 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் அதுவும் போச்சு. திறமையான ஆட்சியை விரும்புகிறவன்தான் நான். அதைக் கேள்வி கேட்க வருபவனுக்கு நுழைவுச்சீட்டு இவ்வளவு விலையா என்பதுதான் என் முணுமுணுப்பு.

சாப்பிட்டு எழும்போது எண்ணினேன். உணவங்காடிப் பங்கில் பாக்கி 6 வெள்ளி. மூன்றும் 2 வெள்ளிச் சீட்டு. நாளைக்கும் சில்லறை எடுத்துவர வேண்டும்.