சி.வி.ரி. கார் தீவகத்துக்குத் தோதா?

வேலணையில் சி.வி.ரி. கார் என்றதும் முகம் சுளிப்பவர்களில் பலருடைய முற்றத்தில் ஏற்கெனவே ஒரு சி.வி.ரி. நிற்கிறது. ஸ்கூட்டி பெப், டியோ எல்லாம் அந்த வகைதான். கிளச் பிடிக்கும் வேலை இல்லை, கியர் மிதிக்கும் வேலை இல்லை. இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு றப்பர் பெல்ட். கப்பிகள் ஒடுங்கியும் விரிந்தும் வேகத்துக்கு ஏற்ற விகிதத்தைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் ஆசிரியை அதை நம்பித்தான் ஓடுகிறார். அதே ஏற்பாடு காருக்குள் வந்துவிட்டால் மட்டும், "அந்தக் கியர்பொக்ஸ் போனால் காசு போச்சு, மனுவலாப் பார்த்து எடுங்கோ" என்கிறோம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனாலும் தீவக ஓட்டத்துக்கு இதைவிடப் பொருந்துகிற கியர்பெட்டி அரிது என்பதே என் எண்ணம். அதைப் பழுதாக்குவது பெரும்பாலும் எங்கள் பராமரிப்புத்தான்.

எங்கள் ஒழுங்கைகளில் நிற்கும் சின்னக் கார்களைப் பாருங்கள். இலங்கையில் வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து ஏறுவதால் 660 சி.சி. சுசுகி வகன் ஆரும் 1000 சி.சி. டொயோட்டா விட்ஸும் குவிந்தன. ஜப்பானிலிருந்து வந்த இவற்றில் மிகப் பெரும்பாலானவை சி.வி.ரி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. ஆகவே இன்று கைமாறும் வண்டிகளில் பல 2014 முதல் 2018 வரையான காலத்தவை. இப்போது நாம் பேசுவது புதுக் கியர்பெட்டியைப் பற்றியல்ல, பத்து வயதைத் தொட்ட, பலர் கை பட்ட ஒன்றைப் பற்றி.

1958இல் ஒல்லாந்தின் டாஃப் நிறுவனம் இந்த முறையைக் காருக்குக் கொண்டுவந்தபோது அதிலும் றப்பர் பெல்ட்தான். பின்னர் அதே நாட்டின் வான் டோர்ன் உருவாக்கிய உருக்குப் பெல்ட் 1987இல் சுபாரு ஜஸ்டியில் ஏறியது. ஏறத்தாழ 400 மெல்லிய உருக்குத் தகடுகள், அவற்றைக் கட்டிவைக்கும் உருக்கு வளையங்கள். தகடு தகட்டைத் தள்ளித்தான் விசை கடத்தப்படுகிறது. கப்பிக்கும் பெல்டுக்கும் இடையில் உருக்கு உருக்கைப் பிடிக்க வேண்டும், ஆனால் உராய்ந்து தேயக் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு வேலையையும் செய்வது நடுவிலுள்ள ஒயில். அதனால்தான் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை இதற்குள் விடக் கூடாது. டொயோட்டாவுக்கு எஃப்.ஈ., சுசுகிக்கு கிரீன்-2, நிசானுக்கு என்.எஸ்.-3 என்று மொடலைப் பார்த்துப் போட வேண்டும். "எல்லாம் ஒண்டுதான்" என்று ஊற்றியதால் கப்பியில் கீறல் விழுந்து கெட்ட பெட்டிகள் உண்டு.

இனி எங்கள் தெருவுக்கு வருவோம். பண்ணைத் தாம்போதி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வங்களாவடி. வழியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வேகமும் ஐம்பது, அறுபதைத் தாண்டுவது குறைவு. சோளகம் வீசும் மாதங்களில் பட்டினத்திலிருந்து தீவகம் நோக்கி வரும்போது காற்று முகத்தில் அடிக்கும். அப்போது சி.வி.ரி. தன் விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி எஞ்சினைத் திணறவிடாமல் ஓட்டும். மனுவலில் நாலாவதா ஐந்தாவதா என்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது. எஞ்சினைச் சிக்கனமான சுற்றிலேயே வைத்திருப்பதால் பெற்றோலும் மிஞ்சுகிறது. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றபோது, பட்டினத்து வேலைக்குத் தினமும் போய்வந்த தீவகத்தாருக்கு அந்த மிச்சம் எவ்வளவு பெரிதென்று விளங்கியிருக்கும். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இடது காலுக்கு வேலை இல்லாததே போதும்.

கெடுகிற இடம் வேறு. "வாழ்நாள் ஒயில், மாற்றத் தேவையில்லை" என்ற பேச்சை முதலில் விடவேண்டும். பல மொடல்களில் ஒயில் அளவு பார்க்கும் கம்பிகூட இல்லை என்பதால் அதை யாரும் நினைப்பதில்லை. 40,000 கிலோமீற்றரைத் தாண்ட விடாதீர்கள் என்பதே நான் சொல்வது. ஒயில் தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அடியில் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறப் பசை படிந்து, விரலில் தேய்த்தால் மாவாக இழைந்தால் அது வழமையான தேய்மானம். விரலில் குத்தும் துகள் அகப்பட்டால் பெல்டோ கப்பியோ கடிபடத் தொடங்கிவிட்டது.

அடுத்தது, பழுதான காரை லாண்ட்மாஸ்டரிலோ உழவு இயந்திரத்திலோ கயிறு கட்டி இழுக்கும் பழக்கம். எஞ்சின் ஓடாதபோது கியர்பெட்டிக்குள் ஒயில் அழுத்தம் இல்லை. முன்சில்லு நிலத்தில் உருள உருள உள்ளே வறட்சியாகத் தேயும். முன்சில்லைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் இறக்கினீர்கள் என்றால் ஒயில் பால்நிறமாக மாறியிருக்கிறதா என்று உடனே பார்ப்பியுங்கள். ஐந்து பேரோடும் பொதிகளோடும் நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் எல் அல்லது எஸ் நிலைக்கு மாற்றுவது நல்லது.

சி.வி.ரி.க்குப் பயந்து வேறு ஓட்டோவுக்குத் தாவுவதிலும் கவனம் வேண்டும். 2013இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டில் இருந்தது இரட்டைக் கிளச் பெட்டி. ஜப்பானிலேயே அது மீண்டும் மீண்டும் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டது. வெசல் ஹைபிரிட்டிலும் அதே வகை. டொயோட்டா அக்குவாவில் பெயர் ஈ-சி.வி.ரி. என்றாலும் உள்ளே பெல்டும் இல்லை, விரியும் கப்பியும் இல்லை. பற்சக்கரங்களும் இரண்டு மோட்டார்களும் சேர்ந்து செய்யும் வேலை அது. மிக உறுதியானது. அங்கே பார்க்க வேண்டியது பற்றரியை.

குறிகட்டுவானுக்குச் சாமானும் ஆட்களும் ஏற்றி நாள் முழுக்க ஹயர் ஓடுகிறவருக்கு 660 சி.சி. சி.வி.ரி. வேண்டாம். அந்தப் பாரத்துக்கு அது செய்யப்படவில்லை. வீட்டுத் தேவைக்கு வாங்குகிறவர், விலை பேசி முடிக்குமுன் வண்டியைச் சூடாகும்வரை ஓட்டிப் பார்க்கட்டும். நின்று புறப்படும்போது, இருபது கிலோமீற்றர் வேகத்துக்குள், உடல் நடுங்குவதுபோல் ஓர் அதிர்வு வருகிறதா? எஞ்சின் சத்தம் ஏறியும் கார் பின்தங்குகிறதா? பிறகு ஒயில் தட்டைத் திறந்து பார்க்கும் செலவைத் தானே ஏற்பதாகச் சொல்லிக் கேட்கட்டும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் அந்தக் காரை வாங்க வேண்டாம்.