தையல் மெஷினை விட்டு எழுந்த அம்மா

தமிழ் சினிமாவின் அம்மாவை உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வெள்ளைப் புடவை, ஒரு தையல் மெஷின், அடிக்கடி ஒரு இருமல். பிள்ளை வாசலிலிருந்தே, "அம்மா! நான் பி.ஏ. பாஸ்!" என்று கூவிக்கொண்டு ஓடி வருவான். அம்மா மெஷினை நிறுத்துவாள். ஆனந்தக் கண்ணீர் வடிப்பாள். சுவரில் மாலை போட்டுத் தொங்கும் படத்தைப் பார்ப்பாள். இடைவேளைக்குப் பிறகு அநேகமாக அவளும் படமாகிவிடுவாள். பண்டரிபாய் இப்படி எத்தனை பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைத்தாரோ, அந்த அம்மாளுக்கே கணக்குத் தெரிந்திருக்காது!

வேறு மாதிரி அம்மாக்கள் வரவே இல்லை என்று சொல்லவில்லை. 1954-ல் வந்த 'மனோகரா'வில் பி. கண்ணாம்பா சங்கிலியில் கட்டுண்டு நிற்கும் பிள்ளையைப் பேசியே கிளப்பிவிட்டாரே! தியேட்டரே அதிர்ந்த காட்சி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அங்கேயும் சங்கிலியை அறுத்தது பிள்ளைதான். அம்மாவின் வேலை அவனைக் கிளப்பிவிட்டதோடு சரி.

இதை ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால், 2022 முதல் 2025 வரை வந்த சில படங்களையும் தொடர்களையும் பார்த்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். அம்மா மெஷினை விட்டு எழுந்துவிட்டாள்! எல்லாப் படத்திலும் அல்ல, சிலவற்றில். அதைக் கண்டுபிடிக்க நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டிருக்கிறேன். படம் முடிந்ததும், "இந்த அம்மாவுக்கு என்ன வேண்டியிருந்தது?" என்று என்னையே கேட்டுக்கொள்வேன். "பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்" என்பது பதிலானால் மார்க் கிடையாது. அது எல்லோருக்கும் வேண்டியதுதான். அவளுக்கென்று, தனியாக என்ன வேண்டியிருந்தது?

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று நினைக்காதீர்கள். வீட்டிலே நாம் "எனக்கு இது வேண்டும்" என்று வாயைத் திறந்தால் எல்லோரும் ஒரு விநாடி ஆச்சரியமாகப் பார்க்கிறார்களே, அந்த ஆச்சரியத்தில் பாதியைக் கற்றுக்கொடுத்தது சினிமாதான்.

முதல் மார்க் 'லப்பர் பந்து' யசோதைக்கு. 2024 செப்டம்பரில் வந்த படம். தமிழரசன் பச்சமுத்து என்ற டைரக்டருக்கு முதல் படம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கதை என்னவோ கிரிக்கெட்டைப் பற்றி. நாற்பதைத் தாண்டிய 'கெத்து' என்கிற பூமாலை (அட்டகத்தி தினேஷ்) ஊரிலே பெரிய ஆட்டக்காரர். அவர் மைதானத்தில் இறங்கினால் விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' பாட்டு முழங்குகிறது. ஜனங்கள் விசில் அடிக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கும் அவருடைய மகளைக் காதலிக்கும் அன்புக்கும் (ஹரீஷ் கல்யாண்) ஆட்டத்தில் ஏற்பட்ட பகை, கல்யாணப் பேச்சில் வந்து முட்டிக்கொள்கிறது. எனக்குக் கிரிக்கெட்டில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. இருந்தும் ஒரு விநாடி அலுக்கவில்லை.

காரணம் கெத்தின் மனைவி யசோதை. ஸ்வாசிகா என்ற மலையாள நடிகை. 'வாசந்தி' படத்துக்காகக் கேரள அரசின் விருது பெற்றவர். வேலையை விட்டுவிட்டு ஆட்டம் ஆட்டம் என்று ஓடுகிற புருஷனை அவள் அழுது திருத்தப் பார்க்கவில்லை. டிராக்டரில் ஏறி உட்கார்ந்து பிட்ச்சையே உழுதுவிடுகிறாள்! தியேட்டரில் பெண்கள் கைதட்டிய தட்டலைக் கேட்டிருக்க வேண்டும். அவளுக்கு என்ன வேண்டும்? தன் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு வேண்டும். விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவன் தன்னிடம் பொய் சொல்லக் கூடாது. ஊருக்கெல்லாம் சிங்கமாக இருக்கும் மனுஷர் வீட்டு வாசலில் நுழையும்போது மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறாரே, அது வெறும் பயமல்ல. பாதிக்கு மேல் பிரியம். வளர்ந்த பெண் வீட்டில் இருக்கும்போதும் புருஷன் பெண்டாட்டிக்குள் இன்னும் காதல் மிச்சம் இருக்கிறது என்று ஒரு தமிழ்ப் படம் கூச்சமில்லாமல் காட்டியதற்கே தனியாக இரண்டு மார்க் போடலாம்.

அடுத்தது 2025 மே முதல் தேதி வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்து வாழ முடியாமல் போக, தர்மதாஸ் (சசிகுமார்) மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கள்ளத்தனமாகப் படகேறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறார். வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டாரோடு பேசாமல் இருக்க இந்தக் குடும்பத்தால் முடியாது! அபிஷன் ஜீவிந்த் என்ற இளம் டைரக்டர் இதை வைத்துச் சிரிக்கவும் வைத்தார், தொண்டையை அடைக்கவும் வைத்தார்.

மனைவி வசந்தியாக வருபவர் சிம்ரன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? 2002-ல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் இலங்கை அகதிப் பெண் பெற்ற குழந்தையை வளர்த்த இந்திரா இவர்தான். பெற்றவளைப் பார்க்க வேண்டும் என்று அந்தக் குழந்தை அடம் பிடித்தபோது இந்திரா பட்ட பாட்டை மறக்க முடியுமா? இருபத்து மூன்று வருஷம் கழித்து அதே சிம்ரன், கடல் தாண்டி வந்த தாயாக நிற்கிறார். நடிப்பில் அலட்டல் கிடையாது. வசந்திக்கு என்ன வேண்டும் என்றால், பயப்படாமல் வாசலில் நின்று நாலு பேரோடு பேச வேண்டும். நம் தெருவில் நாம் தினமும் செய்கிற காரியம்!

அந்தக் காலனியில் மங்கையர்க்கரசி என்று ஒரு வயதான அம்மாள் வருகிறார். அந்த வேஷத்தில் ஸ்ரீஜா ரவி. எத்தனையோ கதாநாயகிகளுக்குத் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் குரலைக் கேட்டபோது எனக்கு ஏனோ நிறைவாக இருந்தது. அந்தப் பாத்திரத்துக்கு நேர்வதைச் சொல்ல மாட்டேன். கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

'3 பி.எச்.கே.' விஷயத்தில் எனக்கும் என் சிநேகிதிகளுக்கும் சண்டையே வந்துவிட்டது. 2025 ஜூலையில் ஸ்ரீகணேஷ் டைரக்ட் செய்து வந்த படம். சொந்த வீடு வாங்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு வருஷக்கணக்காகப் பணம் சேர்க்கும் ஒரு குடும்பம். சேர்ந்தாற்போல் ஒரு செலவு வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். மறுபடி முதலிலிருந்து சேர்ப்பார்கள். வாடகை வீட்டில் இருந்தவர்கள் யாரும் இதைப் பார்த்துக் கலங்காமல் இருக்க முடியாது. சரத்குமார் அப்பா, தேவயானி அம்மா. 1997-ல் 'சூரியவம்சம்' படத்தில் ஜோடியாக வந்தவர்கள். புருஷனுக்கு இட்லி உப்புமா பண்ணிக் கொடுத்த அதே நந்தினி, படித்துக் கலெக்டராகவும் ஆனாள் அல்லவா? இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே ஜோடி திரும்பி வந்தபோது, அம்மாவுக்குப் பெரிதாக ஏதோ இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன்.

படம் நல்ல படம். சித்தார்த் பிள்ளையாகவும், மீதா ரகுநாத் பெண்ணாகவும் மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் வீடு அப்பாவின் கனவு, பிறகு பிள்ளையின் கனவு. தேவயானி பக்கத்தில் நின்று கனவு காண உதவி செய்கிறார். என் சோதனையில் இந்த அம்மா தேறவில்லை. சமையலறை எத்தனைக்கு எத்தனை இருக்க வேண்டும், ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று அவள் மனத்தில் ஒரு வரைபடம் இருந்திருக்காதா? "நீ சினிமாவில் போய் ஜன்னலைத் தேடுகிறாயே!" என்கிறாள் என் சிநேகிதி. தேடத்தான் செய்வேன். அந்த ஜன்னல் பக்கத்தில் நாளெல்லாம் நிற்கப் போகிறவள் யார்?

'குடும்பஸ்தன்' மீதும் இதே மாதிரி ஒரு சின்ன மனத்தாங்கல். 2025 ஜனவரியில் வந்த கோயம்புத்தூர்ப் படம். வேலை போனதை வீட்டுக்குச் சொல்லாமல் கடனுக்கு மேல் கடன் வாங்கும் நவீனாக மணிகண்டன் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறார். மனைவி வெண்ணிலா ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிப்பவள். அவள் புஸ்தகத்தை விரிக்கிற நேரமெல்லாம் அவள் முகத்தில் இன்னும் கொஞ்சம் காமிராவை நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாமியார் மருமகள் பேச்சில் வரும் அந்த ஊசிக் குத்தல்கள் இருக்கின்றனவே, எந்த வீட்டுச் சுவரில் காதை வைத்து எழுதினார்களோ!

2024 ஆகஸ்டு 23-ம் தேதி ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு படங்கள் வந்தன. இரண்டும் சிரிக்கிற படங்கள் அல்ல. 'வாழை' மாரி செல்வராஜ் தம் பிள்ளைப் பருவத்திலிருந்து எடுத்த கதை. பள்ளிக்கூட லீவு நாளில் பையனை வாழைத்தார் சுமக்க அனுப்பும் ஒரு தாய் அதில் வருகிறாள். அடிக்கிறாள், திட்டுகிறாள், விரட்டுகிறாள். அவளைக் கொடுமைக்காரி என்று நினைக்க டைரக்டர் விடவில்லை. வேறு வழியில்லாதவள் என்றும் சொல்லி அழவில்லை. கடைசியில் ஒரு சோற்றுப் பானை வருகிறது. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய்வந்த படம். பின்னணி இசையே கிடையாது! வேறு ஜாதிப் பையனை விரும்புகிற மீனாவுக்குப் (அன்னா பென்) பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி, ஒரு ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். மீனா பேச மறுக்கிறாள். கூட வரும் பெண்களும் அவள் பக்கம் இல்லை. வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கிறது. மீசை வைத்த ஆண்பிள்ளைகள் எல்லாம் தள்ளி நின்று திகைக்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். படம் மெதுவாகப் போகிறது என்று பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. அந்தச் சின்னப் பெண்ணுக்காகவாவது உட்கார்ந்திருக்கலாம்.

இனி டெலிவிஷன். தேவயானியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டேன் அல்லவா? 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்' தொடரில் அவரை அபியாக நம் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்த திருச்செல்வம்தான், 2022-ல் சன் டி.வி.யில் 'எதிர்நீச்சல்' தொடங்கினார். "இந்தாம்மா ஏய்!" என்று அதட்டும் ஆதி குணசேகரனாக வந்தவர் ஜி. மாரிமுத்து. அந்த மனிதரைத் திட்டாத வீடில்லை. அவர் வராத நாளில் ஏமாறாத வீடும் இல்லை. 2023 செப்டம்பர் 8-ம் தேதி அவர் திடீரென்று காலமானபோது சொந்த மனுஷர் போனதுபோல எத்தனை பேர் வருந்தினோம்! பிறகு அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். 2024 ஜூனில் முதல் பாகம் முடிந்தது.

ஆனால் எனக்கு அந்தத் தொடர் குணசேகரனுடையது அல்ல. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நாலு மருமகள்கள் சமையலறையில் நின்றபடி தணிந்த குரலில் பேசிக்கொள்வார்களே, அதுதான் தொடர். படித்த படிப்பும் தெரிந்த கலையும் அடுப்புப் புகையில் போன கதையை ஒவ்வொருத்தியும் ஒரு மாதிரி சொன்னாள். சொத்தில் நாற்பது சதவிகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டையே ஆட்டி வைத்த அப்பத்தாவாக வந்தவர் பம்பாய் ஞானம். பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவைச் சென்னையில் நடத்தியவர். ராஜா வேஷமானாலும் பெண்தான் கட்ட வேண்டும்! அந்தக் கம்பீரம் அப்பத்தாவின் நடையிலேயே தெரிந்தது. குறையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அதட்டலை ஒரு வாரம் இழுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இழுக்காமல் சொன்ன தொடர் ஒன்று வேண்டுமா? 'அயலி'. முத்துக்குமார் டைரக்ட் செய்து 2023 ஜனவரி 26 அன்று ஜீ5-ல் வந்தது. எட்டே பாகம். கதை 1990-ல், வீரப்பண்ணை என்ற கிராமத்தில் நடக்கிறது. அங்கே பெண் வயசுக்கு வந்தால் படிப்பு நின்றுவிடும், கல்யாணம். மீறினால் அயலி அம்மன் கோபிப்பாள் என்று ஊர்க் கட்டுப்பாடு. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி (அபி நட்சத்திரா), தான் வயசுக்கு வந்ததையே மறைத்துவிடுகிறாள்.

தாய்க்குத் தெரியாமல் இதை எத்தனை நாள் மறைக்க முடியும்? தாய் குருவம்மாளாக வரும் அனுமோலின் முகத்தை அந்த இடத்தில் பாருங்கள். முதலில் பயம், சாமி குத்தம் ஆகிவிடுமே என்று. பிறகு கோபம். அதற்கும் பிறகு, மெல்ல மெல்ல, மகளோடு சேர்ந்து தானும் மறைக்க ஆரம்பிக்கிறாள். புருஷனிடம் பொய், ஊரிடம் பொய், கும்பிடுகிற அம்மனிடமும் பொய்! தனக்கு யாரும் கொடுக்காத ஒன்றை மகளுக்குக் கொடுக்கப் போனவளுக்கு, வழியில் தனக்கும் அது வேண்டியிருந்தது என்று தெரிய வருகிறது. ஒரு கிராமத்துப் பெண் பொய் சொல்லிச் சொல்லித் தைரியசாலி ஆவதை இவ்வளவு வேடிக்கையாகவும் இவ்வளவு வலியோடும் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த வருஷமே இதே அனுமோல் ஹாட்ஸ்டாரில் வந்த 'ஹார்ட் பீட்' தொடரில் பெரிய டாக்டர் ரதியாக வந்தார். தான் பெற்று விட்டுவிட்ட பெண் தன் ஆஸ்பத்திரிக்கே பயிற்சி டாக்டராக வந்து நிற்க, அவளை மகள் என்று சொல்ல முடியாமல் தவிக்கும் தாய். மகளுக்காக ஊரையே எதிர்த்தவளும் இவர். மகளைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவளும் இவர். முதல் பருவமே நூறு பாகம் என்பதால் அதை லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

'அயலி'க்கு லீவு தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலை ஏறக்கட்டிவிட்டு, பள்ளிக்கூடம் போகும் பெண் வீட்டில் இருந்தால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். எட்டாவது பாகம் முடியும்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். தோசை மாவு பிரிட்ஜில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.